உப்புக் காற்றும் பழைய எஞ்சினும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கரையில் ஆறு நாள்

முதலாம் நாள்: குருநகர்

மாசி கடைசி. வாடை ஓய்ந்துவிட்டது, சோளகம் எழும்ப இன்னும் காலம் கிடக்கிறது. ஆழமற்ற பரவைக் கடல் விடியற்காலையில் அசைவில்லாமல் கிடக்கும் இந்த இடைவெளியில்தான், படகின் பின்பலகையில் மாட்டும் பழைய அவுட்போர்ட் எஞ்சினைத் தண்ணியில் இறக்கிப் பார்க்க வேண்டும். பட்டா வாகனத்தில் ஏற்றி வந்தவை இரண்டு. ஒன்று பிரிட்டிஷ் சீகல் ‘ஃபோர்ட்டி பிளஸ்’, 64 சீசீ, ஒற்றைச் சிலிண்டர். மற்றது ஜோன்சன் ‘சீ ஹோர்ஸ்’, 10 குதிரைவலு, இரட்டைச் சிலிண்டர், 1950களின் கியூ.டி. வரிசை. இரண்டும் நெடுநாள் ஓடாமல் கிடந்தவை. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பாகமாகத் திறந்து சரிசெய்து, ஆறாம் நாள் நேரக்கணக்கு வைத்து ஓட்டுவது திட்டம்.

குருநகர்த் துறையில் ஃபைபர் போட்டுகள் வரிசையாகக் கட்டியிருக்கின்றன. பின்பலகையில் தொங்குவது பெரும்பாலும் யமஹா, சுசுகி. அவற்றைத் தினமும் கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் சொல்லாமலே காட்டுகிற உண்மை ஒன்று உண்டு: ஓடித் தேய்ந்து செத்த எஞ்சின் குறைவு, உப்போடு நிறுத்திவைத்ததால் செத்ததுதான் கூட. பழைய எஞ்சினைக் கையிலெடுக்கிறவர் முதல் நிமிடத்திலிருந்தே இதை மனதில் வைத்து வேலை செய்ய வேண்டும்.

ஆகவே வந்த உடனே கயிற்றை இழுக்கக் கூடாது. சிலிண்டரின் உள்சுவரில் துருக்கோடு இருந்தால் பிஸ்டன் றிங் அதில் மாட்டி உடையும். தண்ணிப் பம்பின் றப்பர் இம்பெல்லர் காய்ந்து அதன் உறைவீட்டோடு ஒட்டியிருந்தால் சிறகு கிழியும். முதலில் பிளக்கைக் கழற்றி, சிறிய ரோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். பிறகு பவர் ஸ்ரியரிங் ஒயிலும் அசற்றோனும் சம அளவில் கலந்து, சிலிண்டர் ஒன்றுக்கு 15 முதல் 20 மில்லிலீற்றர் விட்டு, ஒரு இரவு அப்படியே விட வேண்டும். ஒயில் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். அசற்றோன் தேடி அலையத் தேவையில்லை: ஃபைபர் போட் செய்யும் இடங்களில் ரெசின் பிரஷ் கழுவ அதைத்தான் வைத்திருக்கிறார்கள். இவை இரண்டும் நன்றாகச் சேராது, நின்றால் பிரியும். விடுவதற்கு முன் போத்தலைக் குலுக்குங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.

மறுநாள் பிளைவீலை (எஞ்சின் தலையில் சுற்றும் கனச் சக்கரத்தை) கையால் திருப்பும்போது வலஞ்சுழியாக மட்டும் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் இம்பெல்லரின் சிறகுகள் மறுபக்கம் மடங்கும், பழைய றப்பர் அதைத் தாங்காது. அசையவில்லையென்றால் மறுபடி ஊறவிடுங்கள். பிளைவீல் நட்டில் நீளமான குழாய் போட்டு முறுக்குகிறவர் கிராங்கில் (சுழல் அச்சில்) பிளைவீலின் சாவி இருக்கும் பள்ளத்தைத்தான் கெடுப்பார்.

ஜோன்சனின் மாதிரி இலக்கம் பின்பலகையில் பிடிக்கும் கொக்கியருகே தகட்டில் இருக்கும். சீகலுக்கு இலக்கம் கிராங் கேஸில் குத்தப்பட்டிருக்கும். பாகம் தேட முதலில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓல் எவின்றூட் அமெரிக்காவின் மில்வோக்கியில் 1909இல் விற்கத் தொடங்கிய எஞ்சினின் பெயரும் ஜோன்சனின் பெயரும் 1930களில் ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. அந்த நிறுவனம் 2000 டிசம்பரில் முறிந்தாலும், 1950களின் அதன் சிறிய எஞ்சின்களில் 3 குதிரைவலுவிலிருந்து 40 வரை பலவற்றுக்கு, மின்பொறி தரும் மக்னீற்றோவின் பாகங்கள் ஒன்றேதான். அதனால் கொயிலும் பொயின்ற்றும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சீகல் இங்கிலாந்தின் பூல் நகரத்துப் பிள்ளை. 1996இல் உற்பத்தி நின்றது. அதன் பாகங்கள் அவ்வளவு எளிமையானவை, பாதியை உள்ளூர் லேத் பட்டறையிலேயே கடையலாம்.

இரண்டாம் நாள்: நாவாந்துறை

இன்று முழுக்கப் போல்ட்டு.

அலுமினிய உடம்பில் இரும்பு அல்லது ஸ்ரெயின்லெஸ் போல்ட்டு இறங்கியிருக்கிற இடத்தில் உப்புத் தண்ணி புகுந்தால், அது ஒரு சின்ன பற்றரிபோல வேலை செய்யும். கரைவது எப்போதும் அலுமினியம். கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறி, புரிக்குள் ஊதி, போல்ட்டை இறுக்கிப் பிடித்துவிடும். துருவைவிட இது பொல்லாதது, ஏனென்றால் எண்ணெய் அதற்குள் ஊறாது. ஊறாத இடத்தில் பலத்தைக் கூட்டினால் போல்ட்டின் தலை கையோடு வரும்.

வெப்பம்தான் வழி. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டின் தலையில் சுடரைக் காட்டாமல், அதைச் சுற்றியுள்ள வார்ப்பில் காட்ட வேண்டும். ஒரு துளி தண்ணி விட்டால் ‘சுர்’ என்று பொரிந்து போகும் அளவு சூடு போதும். வார்ப்பின் நிறம் மாறும்வரை போனால் அலுமினியம் இளகி வளைந்துவிடும். சூடாக இருக்கும்போதே மெழுகுதிரியைப் போல்ட்டின் கழுத்தில் அழுத்தினால் மெழுகு உருகிப் புரிக்குள் இழுபடும். பிறகு ஸ்பனரை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்து, அதன்பின் கழற்றும் பக்கம் கால் சுற்று, மீண்டும் இறுக்கம் கால் சுற்று. இந்த முன்பின் அசைவில்தான் பொடி உதிரும். கிறீச்சென்ற சத்தம் வந்தால் நல்லது. இறப்பரைத் திருப்புவதுபோல மெதுமெதுவென்று வந்தால் உடனே நிறுத்துங்கள், போல்ட்டு முறுகிக்கொண்டிருக்கிறது.

முறிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்து எடுப்பது முதல் வழி. வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். அதுவும் சரிவராவிட்டால் நடுப்புள்ளி குத்தி, துளைத்து, புதுப் புரிச்சுருள் போட வேண்டும். மையம் தவறித் துளைத்தால் அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். இந்த ஒரு வேலையைக் கைத்துளையால் செய்யாமல், நிற்கும் துளைபொறி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கழற்றிய போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டும்போது புரியில் மறைன் கிறீஸ் பூசாமல் ஒன்றையும் இறக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணி. எஞ்சினை ஓட்டியபின் நல்ல தண்ணியில் கழுவு என்று எல்லாரும் சொல்லுவார்கள். குடாநாட்டில் அந்த நல்ல தண்ணி எது? நமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கியவை. குளிக்கவும் குடிக்கவும் பழகிய தண்ணிதான், ஆனால் சூடான சிலிண்டரைச் சுற்றியுள்ள ஒடுங்கிய வழிகளில் அது கேத்திலின் அடியில் படிவதுபோல வெள்ளைப் படலம் கட்டும். தீவுப்பக்கக் கிணறுகள் பலவற்றில் உவரும் சேரும். மாரியில் பிடித்த மழைத்தண்ணி இருந்தால் அதைக் கடைசிக் கழுவலுக்கு ஒதுக்கிவையுங்கள். பத்து லீற்றர் போதும். எஞ்சின் ஆறியபின் கழுவுவதும் படிவைக் குறைக்கும்.

ஏற்கனவே கட்டிய படிவுக்கு வினாகிரி. சீகலின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. தண்ணி வழியின் கீழ்வாயை அடைத்து, வினாகிரி நிரப்பி ஒரு இரவு விடலாம். உப்பும் துருவும் கறுப்புச் சேறாக வரும். கம்பியால் குத்தி மறுபடி நிரப்புங்கள். ஜோன்சனின் அலுமினியப் பாகத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குமேல் விடக் கூடாது, அமிலம் உலோகத்தையே தின்னத் தொடங்கும். இரண்டிலும் கடைசியில் ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கழுவினால் மிச்ச அமிலம் அடங்கும்.

மூன்றாம் நாள்: பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகர்

பாலத்தின் இரண்டு பக்கமும் முழங்காலளவு தண்ணி, அதில் களங்கண்டி வலைத் தடிகள் நட்டபடி. ஒரு காலத்தில் நோர்வே உதவியோடு படகு கட்டும் சீநோர்த் தளம் இயங்கிய ஊர் காரைநகர். ஃபைபர் போட் என்றால் என்ன என்று வடக்குக் கரைக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று. மக்னீற்றோவைத் திறக்க இதைவிடப் பொருத்தமான இடம் தேவையில்லை.

ஜோன்சனின் பிளைவீலில் மூன்று புரித் துளைகள் உண்டு. இழுப்பான் அந்த மூன்றிலும் பூட்டப்பட வேண்டும். விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தால் பிளைவீல் கோணும், சுத்தியலால் கிராங்கின் நுனியில் நேரே அடித்தால் புரி மலரும். நட்டைக் கிராங் நுனியோடு மட்டமாக நிற்கும்வரை கழற்றி விட்டு, இழுப்பானை இறுக்கி, அதன் நடுப் போல்ட்டின் தலையில் ஒரு தட்டு. ‘டக்’ என்று எழும்பும்.

உள்ளே இரண்டு கொயில், மின்னைத் தொடுத்து அறுக்கும் பொயின்ற் இரண்டு, இரண்டு கொண்டென்சர். அக்காலக் கொயில்களின் மேலுறை வயதோடு வெடிக்கும். வெடிப்புக்குள் கடல் ஈரம் புகுந்தால் மின்பொறி பிளக்குக்குப் போகாமல் உள்ளேயே கசியும். குளிராக இருக்கும்போது ஓடி, சூடேறியதும் நின்றுவிடுகிற எஞ்சினில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கண்ணுக்குத் தெரிகிற வெடிப்பு இருந்தால் சோதனை வேண்டாம், புதுக் கொயில் போடுங்கள். போடும்போது கொயிலின் இரும்புக் கால்கள், தகட்டில் கடைந்து விட்டிருக்கும் மேடையின் விளிம்போடு மட்டமாக நிற்க வேண்டும். வெளியே தள்ளினால் பிளைவீலின் காந்தம் உரசும். உள்ளே தள்ளினால் இடைவெளி கூடிப் பொறி மெலியும்.

பொயின்ற்றின் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 0.5 மில்லிமீற்றர். அளக்கும் நேரத்தில் பொயின்ற்றின் உரசுகட்டை காமின் உச்சியில் நிற்க வேண்டும். அதற்காகப் பிளைவீல் நட்டைத் தற்காலிகமாகப் போட்டுக் கிராங்கைத் திருப்புங்கள். அளவுத் தகட்டில் ஒயில் பூசிய நிலையில் இடைக்குள் விட்டால், அந்த ஒயில் பொயின்ற்றில் ஒட்டிப் பொறியைக் கெடுக்கும். சரியாக எல்லாம் செய்தும் பொறி வரவில்லை என்று சொல்லுகிற இடங்களில் இந்த ஒரு தவறு அடிக்கடி இருக்கும். தகட்டைத் துடைத்து, அளந்து, பிறகு வெள்ளைக் கடதாசித் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்துப் பொயின்ற்றின் இடையில் விட்டு இழுங்கள். கறை வராத வரை இழுங்கள். நெடுநாள் கிடந்த பொயின்ற்றில் கண்ணுக்குத் தெரியாத படலம் இருக்கும். 400 ஆம் இலக்க நீர்ப்பேப்பரால் இரண்டு இழுவை இழுத்தபின் கடதாசி போட வேண்டும்.

பூட்டும்போது கிராங்கின் கூம்பும் பிளைவீலின் துளையும் எண்ணெயின்றிக் காய்ந்திருக்க வேண்டும். பிளைவீலைப் பிடிப்பது அந்தக் கூம்பின் உரசல்தான். சாவி இடத்தைக் காட்ட மட்டுமே. நட்டு 40 முதல் 45 அடி இறாத்தல். நட்டு தளர்ந்தால் சாவி வெட்டுப்பட்டு, எரியும் நேரம் தவறி, எஞ்சின் கையைத் திருப்பி உதைக்கும்.

சோதனை: பிளக் வயரின் நுனிக்கும் எஞ்சின் உடம்புக்கும் கால் அங்குல இடைவெளி விட்டுக் கயிற்றை இழுத்தால், நீலமாக, சத்தத்தோடு பொறி பாய வேண்டும். மஞ்சளாக, ஒடுங்கி வந்தால் கொண்டென்சரைப் பாருங்கள். பிளக் சம்பியன் ஜே6சி, இடைவெளி 0.030 அங்குலம்.

சீகலுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒரு கொயில், ஒரு பொயின்ற், இடைவெளி அதே 0.020, பிளக்குக்கும் 0.020. அரை மணித்தியால வேலை.

ஒரு எச்சரிக்கை. சீகலின் பிளைவீல் தலைக்கு மேல் திறந்தபடி சுற்றும். கயிற்றை மேலே உள்ள கப்பியில் சுற்றி இழுக்க வேண்டும், கயிறு முழுதாகக் கையோடு வந்துவிடும். சாரம், தோளில் போட்ட துவாய், தளர்ந்த சேட்டுக் கை எதுவும் அருகில் வரக் கூடாது. இழுக்கிறவரின் முழங்கைக்குப் பின்னால் ஆள் நிற்கவும் கூடாது.

நான்காம் நாள்: பாதையில் ஊர்காவற்றுறைக்கு

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதை என்னும் மிதவைப் படகு ஓடுகிறது. எஞ்சின் இரண்டும் சணல் சாக்கில் சுற்றி, பிளக் பக்கம் மேலே பார்க்கக் கிடத்தியிருக்கிறது. அவுட்போர்ட்டைக் கிடத்தும்போது அதன் கால் (தண்ணிக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி), தலையைவிட உயர்ந்துவிடக் கூடாது. காலுக்குள் நிற்கும் கடல்தண்ணி, புகை வெளியேறும் வெளிவழி வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். வலப்புறம் தண்ணிக்கு நடுவே கடற்கோட்டை வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது.

எரிபொருள் பற்றி இன்று. 1990களின் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாத குடாநாட்டில் மோட்டார் சைக்கிள்கூட மண்ணெண்ணெயில் ஓடியது. சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். கடல் தொழிலில் மண்ணெண்ணெய் எஞ்சின் அதற்கு முன்னும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதன் விதியும் அதுவே: மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் சூடேறியபின் மாற்ற வேண்டும். கரைக்கு வருவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னரே மீண்டும் பெற்றோலுக்கு மாறி, காபரேற்றரிலும் கிராங் கேஸிலும் உள்ள மண்ணெண்ணெயை எரித்துவிட வேண்டும். மறந்தால் அடுத்த நாள் கயிறு இழுத்தே கை ஓயும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் குறைவு, அமுக்கம் கூடிய எஞ்சினில் அது தட்டும். அதனால்தான் மண்ணெண்ணெய் எஞ்சினின் அமுக்கத்தைக் குறைத்துச் செய்கிறார்கள், பெற்றோல் எஞ்சினை மாற்றுகிறவர்கள் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கெட் வைக்கிறார்கள்.

கரையில் வாங்குகிற பழைய எஞ்சின் எதுவானாலும் அது எப்போதோ மண்ணெண்ணெய் குடித்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளம் வெளிவழித் துவாரத்தில் தெரியும்: நிலக்கரிபோலக் கெட்டியான கரி துவாரத்தைப் பாதியாக ஒடுக்கியிருக்கும். றிங்குகள் பள்ளத்தில் ஒட்டியிருக்கும். கரியைச் சுரண்ட இரும்பைத் தொடாதீர்கள். காய்ந்த பனை மட்டையைச் சீவி உளிபோல முனை வைத்துக்கொண்டால், கரியை எடுக்கும் அளவுக்குக் கெட்டியானது, அலுமினியத்தைக் கீறாத அளவுக்கு மென்மையானது. ஒட்டிய றிங்கை இழுத்து எடுக்க முயன்றால் உடையும். பிஸ்டனைக் காபரேற்றர் கிளீனரில் ஊறவிட்டு, றிங் பள்ளத்துக்குள் தானாக அசைந்த பிறகே விரியுங்கள்.

இந்த இரண்டு எஞ்சினுக்கும் பெற்றோல் மட்டும்தான். அதில் கலக்கும் ஒயில் கணக்கு மாறக் கூடாது. ஜோன்சன் கியூ.டி.க்கு 24க்கு 1: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 42 மில்லிலீற்றர் ரீ.சி. டபிள்யூ. 3 என்னும் அவுட்போர்ட் ஒயில். இன்றைய எஞ்சினுக்குரிய 50க்கு 1 அதன் பேரிங்குகளுக்குப் போதாது. பழைய சீகலுக்கு 10க்கு 1, லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். புகை வரும், தண்ணியில் படலம் விழும், பார்க்க மனம் கேட்காது. ஆனால் காரணம் உண்டு: அதன் கிராங்குக்கு ஒயில் சீல் கிடையாது, நீண்ட வெண்கலப் புஷ்தான் பேரிங்கும் சீலும். ஒயில் குறைந்தால் புஷ் தேயும், கிராங் கேஸின் அமுக்கம் அந்த வழியாகக் கசியும், பிறகு ஸ்ராட் ஆகாது. பிற்கால சீகல்கள் 25க்கு 1இல் ஓடின, அவற்றின் காபரேற்றர் அமைப்பு வேறு. அதை அறியாமல் பழைய எஞ்சினில் 25க்கு 1 போட்டு அழித்துவிடக் கூடாது.

இனிக் கியூ.டி.யின் தாங்கி. இது இன்றைய தாங்கிபோல அல்ல. இரட்டைக் குழாய் கொண்டது: ஒரு குழாயால் கிராங் கேஸின் அமுக்கம் தாங்கிக்குப் போகிறது, அந்தக் காற்று பெற்றோலை மற்றக் குழாயால் தள்ளுகிறது. தாங்கியே அமுக்கத்தில் நிற்கிறது. மூடியின் றப்பர் காய்ந்தால் அமுக்கம் நிற்காது, எஞ்சின் ஐந்து நிமிடத்தில் பட்டினியில் நிற்கும். குழாய் வெடித்தால் பெற்றோல் பீச்சும். பழைய குழாயை ஒருபோதும் நம்ப வேண்டாம், இரண்டையும் மாற்றுங்கள். ஓட்டிவிட்டு மூடியைத் திறக்குமுன் அமுக்கத்தை மெதுவாக வெளியேற விடுங்கள்.

வேறு வழியும் உண்டு: சிறிய டயபிரம் பம்ப் ஒன்றைப் பூட்டி, சாதாரண ஒற்றைக் குழாய்த் தாங்கிக்கு மாற்றுவது. அப்போது அமுக்கக் குழாய்க்கென்று உள்ளே இருக்கும் ஒருவழி வால்வுகளை எடுத்துவிட வேண்டும். டயபிரம் அசைய அமுக்கமும் இழுவையும் மாறி மாறி வர வேண்டும், வால்வு இருந்தால் அமுக்கம் மட்டுமே வரும், பம்ப் அடிக்காது. மாற்றிய எஞ்சினுக்குப் பழமை போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். தண்ணியில் தினமும் ஓட்டுகிறவருக்கு மாற்றுவதே பாதுகாப்பு. பழைய தாங்கியைத் துடைத்து, பூசி, எஞ்சினோடு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள்: குறிகட்டுவான்

நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகளுக்குச் சனம் வரிசையில் நிற்கும் இறங்குதுறை. படகுகள் போய்விட்டால் கரை அமைதியாகிவிடும். எஞ்சினின் காலுக்குரிய வேலை இங்கே.

நம் கடலில் கியர் பெட்டியைக் கொல்லுவது கல்லைவிடத் தங்கூசி. அறுந்த நைலோன் நரம்பு புறொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றி, உள்ளே ஏறி, ஒயில் சீலின் உதட்டை வெட்டும். பிறகு கடல்தண்ணி உள்ளே வரும். புறொப்பெல்லரைக் கழற்றி அச்சைப் பார்ப்பதை மாதத்துக்கு ஒரு தரம் செய்ய வேண்டும். ஜோன்சனின் கீழ்த் திருகைக் கழற்றி வரும் ஒயிலைப் பாருங்கள்: பால்தேத்தண்ணி நிறமென்றால் சீல் போய்விட்டது. முதலில் தெளிந்த தண்ணி வந்து பிறகு ஒயில் வந்தால் நெடுநாளாகப் போயிருக்கிறது, பேரிங்கில் துரு இருக்கும், பிரித்தே பார்க்க வேண்டும். புது ஒயிலைக் கீழ்த் துளையால் அமுக்கி மேல் துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டுப் பாதிதான் நிரம்பும். மூடும்போது மேல் திருகு முதலில்.

சீகலின் கியர் பெட்டி வேறு மாதிரி. அதற்குச் சீல் இல்லை, தண்ணி வரத்தான் செய்யும். தடித்த எஸ்.ஏ.ஈ. 140 ஒயில் தண்ணியோடு கலந்து வெண்ணெய்போல நின்றாலும் பற்களைக் காக்கும். முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். ஒவ்வொரு பருவமும் மாற்றுங்கள், கழிவு ஒயிலைக் கடலில் ஊற்றாமல் போத்தலில் எடுத்துவாருங்கள்.

இம்பெல்லர்: ஜோன்சனுக்கு எந்த நிலையில் இருந்தாலும் புதிது போட வேண்டும். பம்பின் உறைவீட்டை இறக்கும்போது அச்சை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே அமுக்கினால் சிறகுகள் சரியான பக்கம் மடங்கும். தண்ணியில்லாமல் அரை நிமிடம் ஓட்டினாலும் றப்பர் கருகும். ஆகவே ‘பொறி வருகிறதா பார்ப்போம்’ என்று கரையில் வைத்து ஸ்ராட் பண்ண வேண்டாம், பரல் தண்ணியில் வையுங்கள்.

புறொப்பெல்லரைப் பிடிக்கும் ஊசி ஜோன்சனில் மென்மையான உலோகம், கல்லில் பட்டால் அது முறிந்து கியரைக் காப்பாற்றும். அதற்குப் பதிலாக இரும்பு ஆணி வெட்டிப் போடுகிறவர்கள் கியரை விலையாகக் கொடுக்கிறார்கள். உதிரி ஊசி இரண்டும் ஸ்பிளிட் பின் இரண்டும் மூடிக்குள் ரேப் போட்டு ஒட்டிவையுங்கள். சீகலில் ஊசிக்குப் பதில் சுருள்வில் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. பரவைக் கடலின் ஆழமின்மைக்கு அதைவிட நல்ல அமைப்பைக் காண்பது அரிது.

சாதாளை என்னும் கடற்பூண்டு தண்ணி இழுக்கும் வாயை மூடும். பின்னால் தண்ணி பீச்சுவது நின்றால் உடனே நிறுத்தி, எஞ்சினைத் தூக்கி, கையால் எடுங்கள். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கவனம்தான்.

ஆறாம் நாள்: மண்டைதீவுப் பக்கம்

விடியற்காலை 5.30. ஓட்டத்துக்கு முன் துறையின் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கடற்படைச் சாவடிக்கும் சொல்லியாயிற்று. வலை போட்டிருக்கும் பக்கம் எது என்று சங்கத்தவர் காட்டுவார்கள். அதைக் கேட்காமல் இறங்கக் கூடாது, ஒரு வலையின் விலை எஞ்சினைவிடக் கூட.

பந்தய எஞ்சினைக் கொள்ளளவால் பிரிப்பது அமெரிக்கப் பழக்கம்: 15 கன அங்குலம் ஏ வகுப்பு, 20 கன அங்குலம் பி வகுப்பு. கார்ல் கீக்காஃபர் 1939இல் தொடங்கிய மேர்க்குரி நிறுவனத்தின் ‘மார்க் 20எச்’ பி வகுப்பில் புகழ்பெற்றது. இதில் மகிழ்ச்சி தரும் பொருத்தம் ஒன்று: 15 கன அங்குலம் என்பது 246 சீசீ. நமது கரையில் மீன்பிடிக்குத் தொங்கும் யமஹா ‘என்டியூரோ’ 15 குதிரைவலு எஞ்சினும் 246 சீசீதான். ஏ வகுப்புப் பந்தயத்துக்குரிய அளவு எஞ்சின் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறது. கியூ.டி. 16.6 கன அங்குலம், ஒரு படி மேலே போய்விடுகிறது. சீகலுக்கென்றே நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் தனிப் போட்டி வைக்கிறார்கள்.

வேகத்தைத் தீர்மானிப்பது குதிரைவலு மட்டுமல்ல. முதலில் உயரம்: குறுங்கால் எஞ்சினுக்குப் பின்பலகை 15 அங்குலம், நெடுங்காலுக்கு 20. புறொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு போட்டின் அடிமட்டத்தோடு ஒரே நேராக நிற்பது தொழில் நிலை. வேகத்துக்குக் கால் அங்குலம் கால் அங்குலமாக உயர்த்துங்கள். காலின் இழுவை குறைந்து வேகம் கூடும். திருப்பத்தில் புறொப்பெல்லர் காற்றை விழுங்கி எஞ்சின் அலறினால் ஒரு படி இறக்குங்கள். அதே நேரத்தில் தண்ணி பீச்சுவதையும் பார்க்க வேண்டும், உயர்த்திய எஞ்சின் தண்ணி இழுக்காமல் போகலாம். பின்பலகையை முதலில் ஸ்பனர் கட்டையால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே பலகை தண்ணி குடித்து ஊறிவிட்டது, அதில் எஞ்சினைக் கட்டி வேகமெடுக்கக் கூடாது.

அடுத்தது சாய்வு. அணியம் (போட்டின் முன்பக்கம்) மேலும் கீழும் குதித்தால் சாய்வு ஊசியை ஒரு துளை உள்ளே போடுங்கள், அல்லது பெற்றோல் தாங்கியை முன்னே தள்ளுங்கள். அணியம் தண்ணியை உழுதால் எதிர்மாறு.

புறொப்பெல்லரின் முன்னேற்றக் கணக்கு இது. எஞ்சின் சுற்றைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) அங்குலத்தால் பெருக்கி, 0.001524ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். நிமிடத்துக்கு 5000 சுற்று, விகிதம் 2.08, பிட்ச் 10 என்றால் 36.6. தண்ணியில் வழுக்கல் 15 வீதம் என்று எடுத்தால் 31. அளந்த வேகம் இதைவிட மிகக் குறைந்தால் இதழ் வளைந்திருக்கிறது, அல்லது அடியில் பாசி.

அளப்பதற்கு 500 மீற்றர் இடைவெளியில் இரண்டு மிதவை. 1800ஐ எடுத்த செக்கனால் வகுத்தால் வேகம். போக 58 செக்கன், வர 64 என்றால் 31.0, 28.1. இரண்டு வேகத்தின் சராசரி 29.6. ஒரு பக்கம் மட்டும் அளந்து சொல்லுகிற எண்ணில் காற்றும் நீரோட்டமும் கலந்திருக்கும்.

புதிதாகப் பூட்டிய எஞ்சினுக்கு முதல் மணித்தியாலம் பாதி விசைக்குமேல் வேண்டாம். அந்த மணித்தியாலம் முடிந்து ஆறியபின் சிலிண்டர் தலைப் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே மறுபடி இறுக்குங்கள். ஓட்டுகிறவருக்கு உயிர்காப்பு அங்கி, தலைக்கவசம். கையை விட்டால் தானாக மூடும் வில் வைத்த விசைப்பிடியும், ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறும் இல்லாமல் வேக ஓட்டம் கிடையாது. பழைய எஞ்சினில் நிறுத்தக் கயிறு இருக்காது. மக்னீற்றோவின் பொயின்ற் வயர் இரண்டையும் உடம்போடு தொடுத்து நிறுத்தும் இரட்டைச் சுவிச்சு ஒன்றைக் கட்டாயம் பூட்ட வேண்டும். இரண்டு வயரையும் ஒரே கம்பியில் முறுக்கிச் சேர்த்துவிட்டால் ஒரு சிலிண்டர் மற்றதன் பொறியைக் கொன்றுவிடும். சுவிச்சுக்குள்ளும் அவை தனித்தனியாகவே வர வேண்டும்.

7.30க்குள் காற்று எழும்பிவிட்டது. தண்ணி சிலிர்த்தபின் அளப்பதில் பயனில்லை. சீகலைப் பரலில் இறக்கி மழைத்தண்ணியில் ஐந்து நிமிடம், பெற்றோல் குழாயை மூடி, காபரேற்றர் காய்ந்து தானாக நிற்கும்வரை. ஜோன்சனுக்கும் அதே. பிறகு பிளக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி ஒயில், இரண்டு சுற்று, பிளக் திரும்ப. நிமிர்த்தி வைத்துத் தண்ணி முழுதும் வடிந்தபின்தான் சாக்கில் சுற்றிப் பட்டாவில் ஏற்றியது.